உபயம்: சக்கரபாணி ரைஸ் மில்

திண்டிவனத்தில் சக்கரபாணி முதலாளி கொடுத்த தானம் எதுவும் ஊமையாக இருந்ததில்லை. தண்ணீர்ப் பந்தல் வைத்தால் பானைக்குப் பானை, குவளைக்குக் குவளை 'உபயம்: சக்கரபாணி ரைஸ் மில்' என்று எழுதியிருக்கும். பஸ் ஸ்டாண்டில் அவர் போட்ட பெஞ்சில் பெயிண்ட் காய்வதற்குள் உட்கார்ந்தவர்கள், பாதி உபயத்தை வேட்டியிலேயே வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

அன்று சாயங்காலம் அவருடைய இலவசக் கண் வைத்திய முகாமைத் திறக்கக் கலெக்டர் வருவதாக இருந்தது. பாதி ஊருக்குக் கண் கெட்டதே அவர் மில் புகைபோக்கி கக்குகிற உமிச்சாம்பலால்தான். ஆனால் தானமாக வந்த மாட்டை யார் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்?

காலையில் முதலாளி போலீஸ் ஸ்டேஷனுக்குள் புயலாக நுழைந்தார்.

"ஏட்டு! என் மானமே போச்சு. மேட்டுத் தெருவுக்கு வந்து பாருங்க!"

ஏட்டு விருத்தாசலம் போய்ப் பார்த்தார். நெல் ஊறவைத்த மில் தண்ணீர் இறங்கி நாறிக் கிடந்த கிணற்றின் சுவரில், சிவப்புப் பெயிண்டில் 'உபயம்: சக்கரபாணி ரைஸ் மில்'. பட்டுப்போன முருங்கை மரத்தில் அதே உபயம். கடைசி வீட்டுக் கதவில், 'லூர்துமேரியின் கண் எரிச்சல். உபயம்: சக்கரபாணி ரைஸ் மில்.'

தெருவே கூடிவிட்டது. ஆண்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க ஏட்டையா, இன்னொருக்கா படிச்சுச் சொல்லுங்க" என்றாள் அந்தத் தெருக்காரி பாஞ்சாலி, மூன்றாவது முறையாக.

"பெஞ்சுல எழுதின அதே கை. பெயிண்டர் சவுரிராயன்தான்!" என்று குதித்தார் முதலாளி. "அவன் பொண்டாட்டிதான் இந்த லூர்துமேரி. கண்ணு சரியா தெரியலன்னு போன மாசம் களத்து வேலையிலேருந்து நிறுத்தினேன். அந்தக் கறுவுதான்!"

காரணம் கச்சிதமாகப் பொருந்தியது. சவுரிராயனை ஸ்டேஷனுக்கு இழுத்து வந்தார்கள். பின்னாலேயே லூர்துமேரி, ஈரத்துணியால் கண்ணை ஒற்றிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வந்தாள்.

"இவரை உள்ள வச்சிட்டா எங்க வூட்ல ஒல வைக்க நாதியில்லீங்க. எனக்கும் வேலை போச்சு, புள்ளைங்க மூணு இருக்குதுங்க" என்று அழுதாள். ஏட்டுக்கு மனசு என்னவோ செய்தது.

"நீதான் எழுதினியாடா?"

"ஆமாங்க ஏட்டையா. இன்னும் ரெண்டு எடம் எழுத வேண்டியிருக்கு" என்றான் சவுரிராயன்.

முதலாளி நாற்காலியிலிருந்து எகிறினார். ஏட்டு அவரைக் கையமர்த்தினார்.

"யாருடா எழுதச் சொன்னது? உன் பொண்டாட்டியா?"

"அவளுக்கு எழுத்தே தெரியாதுங்க. சொன்னவரு வேற ஆளு. பெரிய எடம், பேரைச் சொல்லவே பயமா கீது."

"எனக்குத் தெரியும்!" முதலாளி மேஜையைத் தட்டினார். "விழுப்புரம் மில்லுக்கார நடராசன்! கலெக்டர் எனக்கு மாலை போடப்போறாருன்னு வயித்தெரிச்சல்!"

"அப்ப இவன் மேல புகார் இல்லீங்களா மொதலாளி?" என்று மெதுவாகக் கேட்டார் ஏட்டு.

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? இவன் கூலிக்கு எழுதினவன். இவனை வுடுங்க. எழுதச் சொன்னவன் எவ்ளோ பெரிய மனுஷனா இருந்தாலும் வுடாதீங்க. அப்படியே மனுவுல எழுதுங்க!"

ஏட்டு அப்படியே எழுதினார். முதலாளி பேனாவைப் பிடுங்கி, வாலைச் சுழித்து நீளமாகக் கையெழுத்துப் போட்டார்.

"இப்பச் சொல்லுடா. பயப்படாத."

"நான் இன்னாங்க கண்டேன்? தெருத்தெருவா கேட்டுக்கினு போனேன். ஜனங்க கையக் காட்டின எடத்துல எழுதினேன். கண்ணுல எழுத முடியாதேன்னு எங்க வூட்டுக் கதவுல எழுதினேன்" என்ற சவுரிராயன், சட்டைப் பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினான்.

ஏட்டு சத்தமாகப் படித்தார்: "கலெக்டர் வருவதற்குள், மில் இந்த ஊருக்குக் கொடுத்தது ஒன்றுகூட விட்டுப்போகாமல் பெயர் எழுதிவிட வேண்டியது. என்னென்ன கொடுத்தது என்று ஜனங்களையே கேட்டு எழுதவும்."

அதன் அடியில், புகார் மனுவில் இன்னும் ஈரம் காயாமல் இருந்த அதே கையெழுத்து, அதே சுழித்த வாலோடு இருந்தது.