மஞ்சள் கோடு

காட்டோரக் குடியிருப்பின் நடுவே, ஊரைத் தரையிலேயே வரைந்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு கல், ஓடைக்கு நீலப்பொடி. "யானை வர்ற வழிய நீங்கதாம்மா காட்டணும்" என்று வன அலுவலர் ரங்கியிடம் மஞ்சள் பொடியை நீட்டினார். முந்தின நாளும் யானை அவள் அடுப்படிச் சுவரை உரசிக்கொண்டுதான் போனது. உண்மையைக் காட்டினால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களே என்று பயந்து, ஓடையோரமாகக் கோடு இழுத்தாள்.

"எங்கூட்டுப் பக்கம் வாறதே இல்லீங்க சார்."

"இவளக் கண்டா யானைக்கே பயமுங்க" என்றான் ஓடையோரத்தில் குடியிருக்கும் காளன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப ஓடைப் பக்கம் மட்டும் யானை தாண்டாதபடி அகழி வெட்டிடலாம். மத்த பக்கம் திறந்தே கிடக்கட்டும், அதுக்கும் ஒரு வழி வேணுமில்ல?" என்றார் அலுவலர்.

மஞ்சள் கோட்டை அழிக்க நீண்ட ரங்கியின் கையைக் காளன் இறுகப் பிடித்துக்கொண்டான்.

"இருக்கட்டும் விடு புள்ளே" என்றான், சிரிப்பு மாறாமல்.