இலை எண்ணியவர்

முதல் அடி வாயில் விழுந்தது. எச்சில் இலைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்த அந்த ஆள், மடக்கிய விரல்களோடு அப்படியே இலைகளின் மேல் சாய்ந்தார்.

கடைக்காரரின் மகன் முகேஷ்குமார் அடுப்பு விறகில் ஒன்றை உருவிக்கொண்டு வந்திருந்தான். மத்தியானப் பிரியாணிக் கூட்டம் கலைந்து, கடையின் பின்பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம்.

"எந்த ஆபீஸ்டா? யார் அனுப்புனா?"

அவர் உதட்டைப் பொத்திக்கொண்டு, எரியோட்டிலிருந்து ஆடு விற்க வந்ததாகச் சொன்னார். பொய் என்று கேட்டவுடனே தெரிந்தது. சட்டைப்பையில் பேனா, தோளில் புதுப் பை. செருப்பில் ஒரு பொட்டு மண் இல்லை.

அந்த ஆள் சாப்பிட உட்கார்ந்ததிலிருந்தே சப்ளையர் முத்துச்சாமிக்குச் சந்தேகம். கடைக்காரரின் மாடிவீடு யார் பேரில் இருக்கிறது, பேங்கில் கடன் உண்டா, தினமும் இவ்வளவு கறி வெந்து தீர்ந்துவிடுமா என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டிருக்கிறார். அடுத்த பெட்டிக்கடையிலும் அதே கேள்விகள்.

போன மாதம் எதிர்க்கடைக்கும் இப்படி ஒருவர் வந்து, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கணக்குப் பார்க்க இலை எண்ணிவிட்டுப் போனார். மறுநாள் ஜீப் வந்தது. அந்தக் கடை இன்னும் திறக்கவில்லை.

பெரிய முதலாளியைத் தொட்டால் வக்கீல் வைத்துப் பத்து வருஷம் இழுப்பான், சின்னக் கடைக்காரன் பயந்துபோய் அன்றைக்கே வரியைக் கட்டிவிடுவான், அதனால்தான் இந்த வருஷம் வரிச் சோதனை எல்லாம் நம்மைப்போல ஆட்களுக்கு என்று ஆடிட்டர் ஜெரோம் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து முகேஷ் சரியாகத் தூங்கவில்லை. கடைக்குப் பூட்டு விழுந்தால், அவன் விரும்பும் யுவராணியை அவள் வீட்டில் கட்டித் தரமாட்டார்கள்.

இரண்டாவது அடி முழங்கையில். விறகு முறிகிற மாதிரியே சத்தம் வந்தது. முறிந்தது விறகு அல்ல.

"மில்லுக்காரன் பங்களா வாசல்ல போயி நிக்க வேண்டியதுதான? அங்க காரு மேல காரா நிக்கிது. ஒங்களுக்கு எங்க எச்சி எலதான் கெடச்சுச்சாக்கும்."

"தம்பி, நான் வந்து..." என்று தொடங்கினார். முகேஷ் விலாவில் உதைத்தான். மீதிப் பேச்சு இருமலாக வெளியே வந்தது.

சத்தம் கேட்டு அவன் அப்பா சுருளிவேல் கல்லாவிலிருந்து ஓடிவந்து மகனின் கையைப் பிடித்தார்.

"விடு அப்பு. செத்துகித்துத் தொலையப் போறான்."

"இவன விட்டா நாமதான்ப்பா தெருவுல நிக்கணும்."

அப்பாவைத் தள்ளிவிட்டுக் கட்டையை ஓங்கி அந்த ஆளின் முழங்காலில் இறக்கினான். இந்த முறை அவர் கத்தவில்லை. வாழை இலைகளின் மேல் இரத்தம் சோற்றுப் பருக்கைகளோடு கலந்து ஓடியது.

முத்துச்சாமி தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் ஊற்றினார். ஒரு கண் திறந்தது. இன்னொன்று வீங்கி மூடிக் கிடந்தது.

முகேஷ் குனிந்து காலரைப் பிடித்துத் தூக்கினான்.

"கடைசியாக் கேக்குறேன். யார்ரா ஒன்னய அனுப்புனது?"

அவர் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் முகேஷின் முகத்தைப் பார்த்தார். பிறகு இரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"எம் மக யுவராணிதான். பையனுக்குக் கோவமே வராது, போயி விசாரிச்சுப் பாருங்கன்னா."