டேனருக்கு ஏன் இடமில்லை?

இன்று மாலை ஊர்ச் சிறுவர் பேஸ்பால் அணிகளுக்குக் கோச்சுகள் முறைவைத்து ஆள் எடுக்கிறார்கள். போன வருடம் அவள் அணிக்குக் கடைசி இடம் என்பதால், முதல் பெயரைச் சொல்லும் வாய்ப்பு கோச் கொலீனுக்கு. கிளம்பும்போது கணவன் பிரென்ட் பிடித்துக்கொண்டான்.

"டேனரை எடு. அவன் எறியற பந்து கண்ணுக்கே தெரியாது."

"வயாட்டைத்தான் எடுக்கப்போறேன்."

"அவனா? கையில வந்து விழற பந்தையே கோட்டை விடுவானே!"

"விடட்டும். வயாட்தான்."

"இந்த வருஷமும் கடைசியா வரணுமா? உனக்கென்ன பைத்தியமா?"

"பிரென்ட், இவங்க எட்டு வயசுப் பசங்க. இந்த வயசுல யாரும் பையனைப் பார்த்து எடுக்கறதில்ல, அப்பாவைப் பார்த்துத்தான் எடுக்கறாங்க. வயாட்டோட அப்பா எல்லாருக்கும் ஆரஞ்சு நறுக்கிக் கொண்டுவருவார். டேனரோட அப்பா வேலிக்கு வெளியே நின்னு அம்பயரைக் கண்டபடி திட்டுவார்."

"நானும்தான் திட்டறேன். நம்ம பையன் கோல்பிக்கு டீம்ல இடம் கிடைக்கலையா?"

கொலீன் கார் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"கோச்சோட பிள்ளை, யாரும் எடுக்காமலே கோச்சோட டீமுக்கு வந்துடும். நான் எதுக்குக் கோச் ஆனேன்னு நினைச்சே?"