கண்ணாடிக்குள் டியூப்லைட்

கண்காட்சியின் முதல் நாள். சக்கர நாற்காலியில் இருந்தபடி அவள் தன் ஓவியத்தை அண்ணாந்து பார்க்கிறாள். சட்டக் கண்ணாடியில் டியூப்லைட்தான் தெரிகிறது. "கொஞ்சம் கீழ இறக்கி மாட்டக்கூடாதாண்ணே?" என்கிறாள். "குனிஞ்சு பார்க்கிறவங்களுக்குக் கழுத்து வலிக்குமேம்மா" என்று சிரிக்கிறார் அரங்கப் பொறுப்பாளர். அதற்குள் கூட்டம் வந்து நெருக்குகிறது. "உட்கார்ந்த இடத்துலயே எப்படி வரைஞ்சிருக்கா, பாவம்!" என்று அவள் தலைக்கு மேல் ஒரு குரல் உச்சுக்கொட்டுகிறது. நாற்காலியின் பின்பிடியில் யாரோ சாவகாசமாகக் கை ஊன்றி நிற்க, அவளால் அசையவும் முடியவில்லை. சுற்றிலும் பெல்ட் கொக்கிகள், கைப்பைகளின் அடிப்பாகங்கள், தொங்கும் விரல்களில் கசங்கிய காகிதக் கோப்பைகள். முகம் ஒன்றுகூட இல்லை. மேலே, அந்தக் கண்ணாடிக்குள் அவள் வரைந்து வைத்திருப்பதும் இதைத்தான்.