இரண்டு பக்கக் கைப்பிடி

“எவ்வளவு வெயிட்?”

புனே கேம்ப் பகுதியிலிருந்த இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்ததிலிருந்து ப்ரியம்வதா கேட்ட ஒரே கேள்வி இதுதான். அவள் கணவன் ஷ்ரேயஸுக்கு அது உறுத்தியது. கிடார் வாசிக்கிற பெண்டாட்டி, சத்தம் எப்படி என்றல்லவா கேட்க வேண்டும்?

போன வாரச் சண்டையில் அவன்தான் வார்த்தையை விட்டான். “இனிமே உன் ஷோவுக்கு மூட்டை தூக்க நான் வரமாட்டேன்!”

“வர வேண்டாம்” என்றாள். அதோடு வீட்டில் பேச்சு நின்றது. இன்று காரை ஓட்ட மட்டும்தான் அவன் வந்திருந்தான்.

கடைக்காரர் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் காட்டி ஹிந்தியில் சொன்னார்: “ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கு, மேடம். நீங்க தனியாவே ஒரு கையில தூக்கிடலாம்.”

தூக்கிப் பார்த்தாள். லேசாக மேலே வந்தது.

இனி தனியாகவே போய்விடுவாள். ஷோவுக்கு மட்டும்தானா?

“அந்த ரேக்?” என்றாள்.

இரும்புச் சட்டத்தில் ஆம்ப்ளிஃபயர் கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெரிய பெட்டி அது.

“அது வேண்டாம் மேடம். ஸ்பீக்கர் தனியா வாங்கணும். தூக்க ரெண்டு பக்கமும் ஆள் வேணும்.”

“அதையே குடுங்க.”

ஷ்ரேயஸால் பொறுக்க முடியவில்லை. “பைத்தியமா உனக்கு? கட்கியில நம்ம வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இதை எப்படித் தனியாத் தூக்குவே?”

ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

“தனியாத் தூக்க முடியாதுன்னுதானே வாங்கறேன்” என்றாள், ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.