மைனா பார்த்த வைத்தியம்

தீபாவளியன்று யாரோ வாலில் சரவெடியைக் கட்டிக் கொளுத்தியதிலிருந்து, செவலை நாய் பழைய லாரிக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. கதவு சாத்தினாலே உடம்பு உதறியது.

"மனசுல இருக்கறதை என்கிட்ட கொட்டிடுங்கண்ணே, பயம் போயிடும்" என்றது மைனா.

நாய் மூன்று நாள் அழுதழுது எல்லாவற்றையும் சொன்னது. நாலாம் நாள் வாலை லேசாக ஆட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்தது.

அங்கே மைனா காக்கைகளுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தது. "படபட டமார்! உடனே அண்ணன் எப்படி அழுதாரு தெரியுமா? ஊ... ஊஊ!" அச்சு அசல் அதே குரல். காக்கைகள் கம்பியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தன.

நாய் மறுபடி லாரிக்கு அடியில் போய்ப் படுத்தது. மைனா வந்து எட்டிப் பார்த்தது. "என்னண்ணே, இன்னைக்கு வரலியா? வைத்தியம் பாதியில நிக்குதே!"

"வெடியாவது வருஷத்துக்கு ஒருநாள்தான், தம்பி" என்று நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.