மூன்றாம் தவணை

முல்லைத்தீவில் நடந்த கட்சிக் கூட்டத்தில் யூலிற்றா எழுந்தாள்.

"பாராளுமன்றத் தேர்தலில ஆரும் இரண்டு தவணைக்கு மேல நிக்கக்கூடாது எண்டு தீர்மானம் போடுங்கோ."

கடந்த இரண்டு தவணையும் எம்.பி.யாக இருந்த மரியநேசன் மேடையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அனுபவம் உள்ள ஆளை ஏன் நிப்பாட்ட வேணும்?" என்றார் வவுனியாவிலிருந்து புதிதாக வந்திருந்த செயலாளர்.

"பத்து வருசம் காணும். இளம் ஆக்களும் வரட்டும்."

"ஐயாவில உங்களுக்கு என்ன கோவம், அக்கா?"

"கோவமில்லை, தம்பி. விருப்பமான ஆக்களைக் கையை உயர்த்தச் சொல்லுங்கோ."

முதலில் உயர்ந்தது மரியநேசனின் கை.

"ஐயா, நீங்களுமோ?" என்றார் செயலாளர்.

"ஓம். நானே சொல்லுவம் எண்டு ஒரு மாதமா யோசிச்சுக்கொண்டிருந்தனான்," என்று சிரித்தார் மரியநேசன். "என்ர பெண்சாதி முந்தீட்டா."